காற்று கொண்டு சேர்த்த தீவு!

குட்டீஸ்... பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்புகிறீர்கள். மாமல்லபுரம் போக வேண்டிய பஸ், வழி தவறி ஏற்காட்டில் போய் நின்றால் எப்படி இருக்கும்? டீச்சர் தலையில் கை வைத்துக்கொள்வார். நீங்கள் எல்லாரும் கை தட்டுவீர்கள், இல்லையா?

சுமார் 680 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவருக்கு நிஜமாகவே இப்படி நடந்தது. அவர் வந்தது பஸ்ஸில் இல்லை, பாய்மரக் கப்பலில். போக நினைத்த இடம் நம்முடைய தமிழகக் கடற்கரை. காற்று கொண்டுபோய்ச் சேர்த்த இடம் இலங்கை. அவர் பெயர் இப்னு பதூதா. உலகத்தையே சுற்றிய மனிதர் என்று வரலாற்றுப் புத்தகத்தில் இவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். டில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக் பற்றிய பாடத்திலும் இவர் பெயர் வரும். ஆனால், இலங்கையில் இவர் செய்த சுற்றுப்பயணம் பாடத்தில் வராது. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் மொராக்கோ என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே டாஞ்சியர் என்ற துறைமுக நகரில், 1304-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் இப்னு பதூதா பிறந்தார். அவருடைய குடும்பத்தில் பலர் நீதிபதிகள். இவரும் சட்டம் படித்தார். 1325 ஜூன் 14-ம் தேதி, 21 வயதில், மெக்காவுக்குப் புனிதப் பயணம் கிளம்பினார். கூட யாரும் வரவில்லை, தன்னந்தனியாகத்தான் போனார். அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருந்தார்கள். பிரிய மனமே இல்லை. ஹஜ் முடித்துவிட்டுச் சில ஆண்டுகளில் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். திரும்பி வர 24 ஆண்டுகள் ஆயின!

மெக்காவுக்குப் போனவருக்கு ஊர் சுற்றும் ஆசை தொற்றிக்கொண்டது. எகிப்து, சிரியா, ஈராக், ஈரான், ஏமன், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை, துருக்கி, நடு ஆசியா என்று போய்க்கொண்டே இருந்தார். 1333-ல் சிந்து நதியைத் தொட்டார். டில்லியில் துக்ளக் இவரை நீதிபதியாக நியமித்தார். சம்பளம் ஆண்டுக்கு 12,000 தினார்! ஆனால், துக்ளக் எந்த நேரம் பரிசு கொடுப்பார், எந்த நேரம் தலையை எடுப்பார் என்று யாருக்கும் தெரியாது. அதனால், சீன மன்னரிடம் தூதராகப் போகும்படி 1341-ல் துக்ளக் சொன்னதும், இப்னு பதூதாவுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் நிம்மதி.

அந்த நிம்மதி கோழிக்கோடு வரைதான். சீன மன்னருக்கான பரிசுப் பொருள்கள் எல்லாம் கப்பலில் ஏறிவிட்டன. இப்னு பதூதா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கரையிலேயே தங்கிவிட்டார். அன்று இரவு அடித்த புயலில் பரிசுகள் இருந்த கப்பல் உடைந்துபோனது. இவருடைய சொந்தப் பொருள்கள் இருந்த இன்னொரு கப்பல், இவரை விட்டுவிட்டு நடுக்கடலுக்குப் போய்விட்டது. இவர் கையில் மிஞ்சியது பத்து தினாரும், படுத்திருந்த விரிப்பும்தான். வெறுங்கையோடு டில்லிக்குத் திரும்பினால் துக்ளக் சும்மா விடுவாரா? பயந்துபோய் மேற்குக் கரையிலேயே அலைந்தார். பிறகு மாலத்தீவுக்குப் போனார்.

மாலத்தீவில் படித்த நீதிபதி யாரும் இல்லாததால், இவரைப் பிடித்து அந்தப் பதவியில் உட்கார வைத்துவிட்டார்கள். அரச குடும்பத்திலேயே பெண் கொடுத்தார்கள். ஆனால், இவர் ரொம்பக் கறாரான நீதிபதி. அங்கிருந்த அமைச்சரோடு ஒத்துப்போகவில்லை. சண்டை முற்றியது. 1344 ஆகஸ்ட் கடைசியில் கப்பல் ஏறிவிட்டார்.

இப்போது நம் கதையின் இடத்துக்கு வந்துவிட்டோம்.

மாலத்தீவிலிருந்து தமிழகக் கடற்கரைக்கு அந்தக் காலத்தில் மூன்று நாள் பயணம். அந்தக் கரையை அரபு வணிகர்கள் மாபார் என்று அழைத்தார்கள். கப்பலைச் செலுத்திய மாலுமிக்கு வழி சரியாகத் தெரியவில்லை. மூன்று நாள் போயிற்று. ஆறு நாள் போயிற்று. கரையைக் காணோம். ஒன்பதாவது நாள், தூரத்தில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு புகைத் தூண் தெரிந்தது. அது புகை இல்லை, மலை. அந்த மலையைப் பற்றி இப்னு பதூதா ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். முதல் மனிதர் ஆதம் பூமியில் கால் வைத்த இடம் அதுதான் என்று அரபு நாட்டார் நம்பினார்கள். இலங்கையை அவர்கள் செரந்தீப் என்பார்கள்.

இப்னு பதூதாவுக்கு ஒரே குஷி. மாலுமிகளுக்கோ நடுக்கம்! ஏன் தெரியுமா? கப்பல் நெருங்கியிருந்தது புத்தளம் துறைமுகத்தை. அந்தப் பகுதி யாழ்ப்பாணத்து மன்னரான ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. அவர் ஒரு தமிழ் மன்னர். அவரிடம் நிறையக் கப்பல்கள் இருந்தன. கடலில் போகிற கப்பல்களை அவருடைய ஆட்கள் கொள்ளையடிப்பார்கள் என்று மாலுமிகள் பயந்தார்கள். திரும்பிப் போகலாம் என்றால், காற்று பலமாக வீசியது. கடலிலேயே நின்றால் கப்பல் மூழ்கும். கரைக்குப் போனால் கழுத்து போகும். என்ன செய்வது?

தன்னை மட்டும் கரையில் இறக்கிவிடும்படியும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார் இப்னு பதூதா. அப்படியே இறங்கினார். கரையில் இருந்த காவலர்கள் இவர் யார் என்று விசாரித்தார்கள். மதுரையை அப்போது ஒரு சுல்தான் ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய மனைவியும், இப்னு பதூதா டில்லியில் மணந்திருந்த பெண்ணும் அக்கா தங்கைகள். மதுரை சுல்தானின் சகலை நான், அவரைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொன்னார். சட்டென்று வழி பிறந்தது. நேரே மன்னரிடம் அழைத்துப் போனார்கள்.

புத்தளம் அப்போது சின்ன, அழகான ஊர். சுற்றிலும் மரத்தாலான மதில், மரத்தாலான காவல் கோபுரங்கள். கடற்கரை முழுவதும் கறுவாப்பட்டை மரத் துண்டுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. நாம் பிரியாணியில் போடுகிறோமே, அந்தப் பட்டைதான்! மலையிலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கரையில் தள்ளிய மரங்கள் அவை. தமிழகக் கரையிலிருந்தும் கேரளக் கரையிலிருந்தும் வரும் வணிகர்கள் அதற்குக் காசு கொடுப்பதில்லை. மன்னருக்குத் துணிமணிகளைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, பட்டையை அள்ளிக்கொண்டு போவார்கள்.

மன்னர் எழுந்து நின்று இவரை வரவேற்றார். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மன்னருக்குப் பாரசீக மொழி புரியும் என்பதால் பேச்சுக்குச் சிரமம் இல்லை. தூர தேசத்துக் கதைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் இவர் அரசவைக்குப் போனபோது, மன்னர் முன்னால் முத்துகள் குவிந்து கிடந்தன. இலங்கைக்கும் தமிழகத்துக்கும் நடுவே உள்ள கடலில் குளித்து எடுத்த முத்துகள். அதிகாரிகள் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நல்ல முத்தை வேறெங்காவது பார்த்ததுண்டா என்று மன்னர் கேட்டார். பாரசீக வளைகுடாவில் முத்துக்குளிக்கும் தீவுகளை இப்னு பதூதா ஏற்கெனவே பார்த்தவர். இருந்தாலும், இப்படிப்பட்ட முத்தைக் கண்டதே இல்லை என்று பதில் சொன்னார். மன்னருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சில முத்துகளை எடுத்துக் கொடுத்து, வேறு என்ன வேண்டுமானாலும் கேள் என்றார்.

நீங்களாக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள் குட்டீஸ்? கோழிக்கோட்டில் எல்லாவற்றையும் இழந்தவர் இப்னு பதூதா. ஒரு பை நிறைய முத்து கேட்டிருக்கலாம். ஒரு கப்பலே கேட்டிருக்கலாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த மலை உச்சியில் இருக்கும் பாதச் சுவட்டைப் பார்க்க வேண்டும், அதற்கு வழி செய்ய வேண்டும்.

அது ரொம்பச் சுலபம் என்று மன்னர் உடனே ஏற்பாடு செய்தார். ஏறிப் போகப் பல்லக்கு. தூக்க ஆட்கள். ஒவ்வோர் ஆண்டும் மலையேறிப் பழகிய யோகிகள் நான்கு பேர். பிராமணர்கள் மூன்று பேர். அரசரின் ஆட்கள் பத்துப் பேர். சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேர். அதுவரை கப்பல் பத்திரமாகத் துறைமுகத்தில் நிற்கும் என்று வாக்கும் கொடுத்தார். முன்பு நடுங்கிய கப்பல் தலைவர் இப்போது என்ன சொன்னார் தெரியுமா? ஓர் ஆண்டு ஆனாலும் சரி, நீங்கள் வராமல் கிளம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார்!

இந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மொராக்கோவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் நீதிபதி. அவரை அனுப்பி வைத்தவர் ஓர் இந்து மன்னர். வழித்துணைக்கு யோகிகளும் பிராமணர்களும். போகிற இடமோ எல்லாருக்கும் பொதுவான மலை. உச்சியில் உள்ள அந்தச் சுவட்டை முஸ்லிம்கள் ஆதமின் பாதம் என்கிறார்கள். பவுத்தர்களுக்கு அது புத்தரின் பாதம். அவர்கள் மலையை ஸ்ரீபாத என்கிறார்கள். இந்துக்களுக்குச் சிவபெருமானின் பாதம். அதனால் தமிழில் அதன் பெயர் சிவனொளிபாத மலை. யாருடைய பாதம் என்று வழியில் இவர்கள் சண்டை போட்டுக்கொண்டதாக இப்னு பதூதா எங்கும் சொல்லவில்லை.

புத்தளத்திலிருந்து தெற்கே போனார்கள். முதல் நாளே ஓர் ஆறு குறுக்கிட்டது. மூங்கில் தெப்பத்தில் அதைக் கடந்தார்கள். மன்னரின் எல்லை முடிகிற ஊரில் நல்ல விருந்து. சோறு, நெய், மீன், கோழி, பால், காட்டில் பிடித்த எருமைக் கன்றின் இறைச்சி. பிறகு சிலாபம். அதைத் தாண்டியதும் காடு ஆரம்பித்துவிட்டது. எங்கு பார்த்தாலும் நீர், எங்கு பார்த்தாலும் யானை!

இலங்கைக் காட்டு யானைகளைப் பற்றி வழியில் இவர் கேட்ட கதை ஒன்று உண்டு. இவருக்கு முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன், ஈரானில் உள்ள ஷீராஸ் நகரத்திலிருந்து ஒரு பெரியவர் முப்பது பேரோடு இந்த மலைக்கு வந்தாராம். காட்டில் வழி தவறிவிட்டது. பசி. கூட இருந்தவர்கள் ஒரு யானைக் குட்டியைக் கொன்று தின்றுவிட்டார்கள். பெரியவர் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. அவர் மட்டும் தொடவில்லை. அன்று இரவு யானைகள் கூட்டமாக வந்தன. தூங்கியவர்களை ஒவ்வொருவராகத் தும்பிக்கையால் முகர்ந்து பார்த்தன. தின்றவர்களை எல்லாம் கொன்றுவிட்டன. பெரியவரை முகர்ந்த யானையோ, அவரைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு, ஆட்கள் இருக்கும் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டதாம்! இது நடந்ததா, இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். யானைக்கு மோப்ப சக்தி ரொம்ப அதிகம் என்பது மட்டும் உண்மை. அந்தப் பெரியவரின் நினைவாகவே, தீவு மக்கள் முஸ்லிம் யாத்திரிகர்களை மரியாதையாக நடத்தினார்கள். வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார்கள் என்கிறார் இப்னு பதூதா.

அடுத்து, மலை நாட்டு மன்னர் ஒருவரின் தலைநகரம். இரண்டு மலைகளுக்கு நடுவே இருந்த ஊர் அது. அந்த மன்னரிடம் வெள்ளை யானை ஒன்று இருந்தது. திருவிழா நாளில் அதன் நெற்றியில் சிவப்பு மாணிக்கக் கற்களைக் கட்டுவார்கள். ஏழு கற்கள், ஒவ்வொன்றும் கோழி முட்டையைவிடப் பெரியது! முன்பு புத்தளத்து மன்னரிடமும், உள்ளங்கை அளவு மாணிக்கத்தில் குடைந்த கிண்ணத்தைப் பார்த்திருந்தார். அதில் வாசனை எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்களாம்.

கொஞ்சம் மிகைப்படுத்துகிறாரோ என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால், கல் எடுக்கும் முறையை அவர் விவரிப்பதைப் படித்தால் நேரில் பார்த்தவர் என்று புரியும். நிலத்தை விலைக்கு வாங்கித் தோண்டுவார்கள். மேலே வெள்ளையாக இருக்கும் கல்லுக்குள் மணி ஒளிந்திருக்கும். பட்டை தீட்டுகிறவர்கள் உடைத்து எடுப்பார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் பிரிப்பார்கள். நூறு பணத்துக்கு மேல் விலை போகும் கல் என்றால் மன்னருக்கு உரியது. அவர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார். அதற்குக் கீழே என்றால், கண்டெடுத்தவருக்கே. அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊரின் பெயரே இரத்தினபுரி. இன்றும் அங்கே குழி வெட்டி, மண்ணை அலசி, நீலக்கல்லும் புஷ்பராகமும் எடுக்கிறார்கள்.

இங்கிருந்து மலைப்பாதை. வழி காட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு ஷீராஸ் குடும்பம் அந்த ஊரில் இருந்தது. அவர்கள் கூட வந்தார்கள். வழியெல்லாம் குகைகள், ஓடைகள். ஓர் ஏரியின் பக்கத்தில் குரங்குகள்! கறுப்பு உடம்பு, நீண்ட வால், ஆண் குரங்குகளுக்கு மனிதர்களைப் போலத் தாடி. அந்தக் குரங்குகளுக்கு ஒரு ராஜா உண்டு என்று வழிகாட்டிகள் இவரிடம் கதை அளந்தார்கள். ராஜா இலையால் தலைப்பாகை கட்டிக்கொண்டு, கையில் கோல் ஊன்றி உட்காருமாம். இரு பக்கமும் தடியோடு நான்கு சேவகர்கள். தினமும் மற்ற குரங்குகள் வந்து எதிரில் உட்காரும். ஒரு குரங்கு எழுந்து ஏதோ பேசும். பிறகு எல்லாம் கலைந்து போய், வாழைப்பழமும் எலுமிச்சையும் கொண்டுவந்து ராஜாவுக்குக் கொடுக்குமாம். ஒரு குரங்கைச் சேவகர்கள் தடியால் அடித்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக ஒரு யோகி சத்தியம் வேறு செய்தார்!

கதையை விடுங்கள். குரங்கு நிஜம். கறுத்த முகம், வெளுத்த தாடி, நீண்ட வால் உள்ள ஊதாமுக மந்தி என்ற குரங்கு இலங்கையில் மட்டுமே இருக்கிறது. உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் அது கிடையாது. இப்போது அதன் காடுகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன.

அடுத்தது, எல்லாரையும் அலறவைத்த ஒரு சின்ன ஆசாமி. அட்டை! ஈரமான இலைகளிலும் புல்லிலும் காத்திருந்து, ஆள் பக்கத்தில் வந்ததும் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும் என்று எழுதிவைத்தார் இப்னு பதூதா. அட்டைக்குச் சிறகு கிடையாது. இலை நுனியில் நின்றுகொண்டு, உடம்பை நீட்டி நீட்டி நம் மணத்தையும் சூட்டையும் தேடும். தொட்டால் போதும், பற்றிக்கொள்ளும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் ரத்தம் நிற்காமல் வழிகிறது. அந்த ஊர்க்காரர்கள் எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே வைத்திருந்தார்கள். சாற்றைப் பிழிந்ததும் அட்டை விழுந்துவிடும். அந்த இடத்தை மரக் கத்தியால் சுரண்டுவார்கள். வால்பாறை, மூணாறு பக்கம் போனவர்களுக்கு இது நன்றாகப் புரியும்!

மலை உச்சிக்கு இரண்டு பாதைகள். ஒன்று ஆதமின் பெயரால் அழைக்கப்பட்ட பாபா பாதை. இன்னொன்று, அவருடைய மனைவி ஏவாளின் பெயரால் மாமா பாதை. இரண்டாவது சுலபம். ஆனால் அதில் ஏறினால் யாத்திரை கணக்கில் சேராது! இறங்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம். எனவே, நம்மவர் கஷ்டமான பாதையில் ஏறினார். பாறையில் முன்னோர் வெட்டிய படிகள். அவை செங்குத்தாகப் போகிற இடத்தில், இரும்பு முளை அடித்துச் சங்கிலி தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் பத்துச் சங்கிலிகள். பத்தாவது சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தால் தலை சுற்றும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் எல்லாரும் அங்கே இறைவன் பெயரைச் சொல்வார்கள். அதனால் அந்தச் சங்கிலிக்கே பிரார்த்தனைச் சங்கிலி என்ற மாதிரி ஒரு பெயர். காலுக்குக் கீழே மேகம் மிதந்தது. உயரம் 2,243 மீட்டர். நம் ஊட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஆனால் ஊட்டிக்குப் பஸ் போகிறது!

வழியில் விரிந்த உள்ளங்கை அளவுக்குச் சிவப்புப் பூக்கள் பூத்திருந்தன. இலையே உதிராத மரம் ஒன்றும் உண்டு என்றார்கள். அதன் இலை ஒன்றைத் தின்றால் கிழவரும் இளைஞர் ஆகிவிடுவாராம். இலை எப்போது விழும் என்று அடிவாரத்தில் சில யோகிகள் காத்துக்கிடந்தார்கள். இது மட்டும் பொய் என்று எழுதிவிட்டார் இப்னு பதூதா. குரங்கு ராஜாவை நம்பியவர் இதை நம்பவில்லை, பாருங்கள்!

உச்சியில் கறுத்த பெரிய பாறை. அதில் பாதச் சுவடு. நீளம் 11 சாண், அதாவது எட்டு அடிக்கும் மேல். சுவட்டைச் சுற்றிப் பாறையில் ஒன்பது குழிகள். வருகிறவர்கள் பொன்னையும் மணியையும் அவற்றில் போட்டுவிட்டுப் போவார்கள். ஏழை யாத்திரிகர்கள் அதை எடுக்க முந்திக்கொண்டு ஓடுவார்கள். இவர்கள் போனபோது சில கற்களும் கொஞ்சம் பொன்னும்தான் இருந்தன. அவற்றை எடுத்து வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். உச்சிக்குக் கீழே உள்ள குகையில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் ஏறிப் போய்ப் பாதத்தைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். இப்னு பதூதாவும் அப்படியே செய்தார். காற்று திசை மாறாமல் இருந்திருந்தால் இந்த ஆறு தரிசனமும் அவருக்குக் கிடைத்திருக்காது.

இறங்கியவர் நேரே கப்பலுக்குத் திரும்பவில்லை. தீவின் தெற்குக் கரைக்குப் போனார். இலங்கையின் தென்கோடி முனையில் தேவந்துறை என்ற ஊர். அங்கே கடலோரம் மாபெரும் விஷ்ணு கோயில் ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்குப் பொன்னால் செய்த திருமேனி. கண்கள் இரண்டும் பெரிய மாணிக்கங்கள். இரவில் விளக்குப் போல் மின்னும் என்று அவரிடம் சொன்னார்கள். ஆயிரம் பிராமணர்களும் யோகிகளும் அங்கே இருந்தார்கள். ஐந்நூறு பெண்கள் தினமும் இரவில் பாடி ஆடினார்கள். ஊரின் வருமானம் முழுவதும் கோயிலுக்கே. வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. 1588-ல் போர்ச்சுகீசியர்கள் இந்தக் கோயிலை இடித்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டார்கள். இப்போது அந்த முனையில் இலங்கையிலேயே உயரமான கலங்கரை விளக்கம் நிற்கிறது. கோயில் எப்படி இருந்தது என்று அறிய, இப்னு பதூதா சொன்ன அந்தச் சில வரிகள் முக்கியமான சான்று.

பிறகு காலி. அப்போது அது ஒரு சின்ன ஊர். பெரிய கோட்டை எல்லாம் பின்னாளில் வந்தது. அங்கே ஒரு முஸ்லிம் கப்பல் தலைவர் வீட்டில் விருந்து. பிறகு கொழும்பு. தீவின் பெரிய, அழகான நகரங்களில் ஒன்று என்று அதைப் பாராட்டினார். மேற்குக் கரையோடு நடந்து புத்தளத்துக்கே திரும்பினார். சொன்ன சொல் மாறாமல் கப்பல் காத்திருந்தது.

இத்தனை நல்லபடியாக நடந்த பயணத்துக்குப் பிறகு, தமிழகக் கரையை நெருங்கும்போது கப்பல் தரை தட்டியது! பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினார்கள். பலகைகளைக் கட்டித் தெப்பம் செய்தார்கள். கூட வந்த பெண்களையும் நண்பர்களையும் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, இரவு முழுவதும் உடைந்த கப்பலிலேயே இருந்தார் இப்னு பதூதா. விடிந்ததும் நம் கரை மக்கள் படகில் வந்து காப்பாற்றினார்கள்.

மதுரைக்குப் போனார். அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. சுல்தான் மக்களைக் கொடுமை செய்வதைப் பார்த்து இவர் மனம் வெறுத்துப் போனார். இவருக்கும் காய்ச்சல் வந்தது. பிழைக்க மாட்டோம் என்றே நினைத்தார். கடைசியில் நிறையப் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போயிற்று, காய்ச்சலும் போயிற்று! இப்படித்தான் அவர் எழுதியிருக்கிறார். நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

அங்கிருந்து கொல்லம் வழியாக மேற்குக் கரையில் வடக்கே போனபோது, பன்னிரண்டு கப்பல்களில் கடற்கொள்ளையர் வந்து சூழ்ந்தார்கள். இலங்கை மன்னர் கொடுத்த முத்தும் மாணிக்கமும் போயின. துணிமணி போயிற்று. பல நாடுகளில் எழுதிவைத்திருந்த குறிப்புகளும் போயின. உடம்பில் மிஞ்சியது ஒரு கால்சட்டை மட்டும். அப்படியே கோழிக்கோட்டுக்கு வந்து ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். ஒருவர் மேலாடை கொடுத்தார். நீதிபதி தலைப்பாகை கொடுத்தார். ஒரு வணிகர் இன்னோர் ஆடை கொடுத்தார்.

மறுபடி மாலத்தீவுக்குப் போனார். அங்கே அவருக்குப் பிறந்த மகனுக்கு அப்போது சுமார் இரண்டு வயது. அழைத்துப் போகத்தான் வந்தார். ஆனால், தாயிடம் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பிறகு அந்த மகனை அவர் பார்க்கவே இல்லை. ஊர் சுற்றும் ஆசையில் இப்படிப் பல ஊர்களில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர் அவர். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிற விஷயம் இது.

வங்காளம், சுமத்ரா தாண்டி 1346-ல் சீனாவையும் பார்த்துவிட்டார். 1349-ல் மொராக்கோ திரும்பினார். அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதை வழியில் டமாஸ்கஸில்தான் தெரிந்துகொண்டார். அம்மாவாவது இருப்பார் என்று ஓடிவந்தவருக்கு, சில மாதங்களுக்கு முன் கொள்ளைநோயில் அவரும் இறந்துபோன செய்திதான் கிடைத்தது. அதன் பிறகும் ஸ்பெயினுக்கும், சகாராப் பாலைவனம் கடந்து மாலி நாட்டுக்கும் போய் வந்தார். மொத்தம் சுமார் 1,17,000 கிலோமீட்டர் பயணம் செய்தார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பார்த்ததை எல்லாம் சொல்லும்படி மொராக்கோ சுல்தான் கட்டளையிட்டார். இப்னு ஜுஸய் என்ற இளம் எழுத்தாளர் பேனாவோடு எதிரில் உட்கார்ந்தார். இப்னு பதூதாவிடம் இலங்கையில் எடுத்த ஒரு குறிப்பும் இல்லை. கையில் காட்ட ஒரு முத்தும் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் பார்த்ததை அப்படியே சொல்லத் தொடங்கினார். மூங்கில் தெப்பம், குரங்கின் தாடி, எலுமிச்சம்பழம், பத்தாவது சங்கிலி... சாமான் சுமந்தவர்கள் பதினைந்து பேர் என்பதுகூட மறக்கவில்லை. 1355 டிசம்பரில் அந்தப் புத்தகம் முடிந்தது.

1368 அல்லது 1369-ல் இப்னு பதூதா இறந்தார். ஐரோப்பாவுக்கு அந்தப் புத்தகம் தெரியவந்தது 19-ம் நூற்றாண்டில்தான். இன்று டாஞ்சியர் நகர விமான நிலையத்துக்கு அவர் பெயர். நிலாவில் உள்ள ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். சிவனொளிபாத மலையில் இப்போது ஆயிரக்கணக்கான படிகள் கட்டி, மின்விளக்குப் போட்டிருக்கிறார்கள். டிசம்பர் முதல் மே வரை, இரவில் ஏறி உச்சியில் சூரிய உதயம் பார்க்கக் கூட்டம் அலைமோதும். அட்டை மட்டும் அன்று போலவே இன்றும் காத்திருக்கிறது. போகிறவர்கள் எலுமிச்சம்பழம் எடுத்துப் போங்கள் குட்டீஸ்!